போர் நின்றது, முடியவில்லை

கனடாவின் பிரெஞ்சு மாகாணத்தில், கோட்-டெ-நெய்ஜில் வளர்ந்த நம் வயதுக்காரர் இருவர் இப்போது எங்கேயாவது சந்தித்துக்கொண்டால், நரையையும் கொலஸ்ட்ரோலையும் விசாரித்து முடித்த பிறகு பேச்சு எப்படியும் ஒரு கேள்விக்கு வந்துவிடும்: நீ எத்தனை வயதில் மொழிபெயர்க்கத் தொடங்கினாய்? எட்டு என்பார் ஒருவர். ஏழு என்று மற்றவர் வெட்டுவார். டொக்டரிடம் அம்மாவின் மூட்டுவலியை, வீட்டுச் சொந்தக்காரரிடம் அப்பாவின் கோபத்தை, பள்ளிக்கூடக் கூட்டத்தில் வகுப்பாசிரியை மடாம் நம்மைப் பற்றிச் சொன்ன முறைப்பாட்டை எல்லாம் நம் வாயாலேயே சொல்லியிருக்கிறோம். கடைசியாகச் சொன்னதில் நம்மில் எவரும் முழு நேர்மை காத்ததாக நான் நம்பவில்லை. நான் வகுப்பில் ஓயாமல் கதைக்கிறேன் என்று மடாம் சொன்னதை, "நல்லாக் கதைக்கிறனாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து நின்று மடாமுக்கு நன்றியாய் ஒரு மெர்சி சொன்னார்.

அப்படி வேண்டுமென்று செய்த பிழைகள் ஒன்றும் இப்போது என்னை உறுத்துவதில்லை. தெரியாமல் செய்த ஒரு பிழைதான் இருபது வருடத்துக்கு மேலாக நெஞ்சில் கிடக்கிறது. அது முதலாம் உலகப் போரோடு சம்பந்தப்பட்டது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலம். எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, மன்னாரிலிருந்து வந்து எங்கள் வீட்டுச் சோபாவில் குடியேறி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு முப்பது வயது இருக்கும். ஊரில் ஐஸ் பக்டரியில் வேலை பார்த்தவர். மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் உடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்த மனிதர் கடைசியில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பார். "அங்கை ஐஸ் காணாதெண்டு வந்தவராக்கும்." சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் கோப்பை கழுவிவிட்டு வந்து, கைவிரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்க, தொலைபேசி அட்டையின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி மன்னாருக்கு எடுப்பார். அங்கே சித்தியும் மூன்று வயது மகளும் இருந்தார்கள். சித்தப்பாவின் அகதி வழக்கு விசாரணைக்குக் காத்திருந்தது. வென்றால் அவர்களைக் கூப்பிடலாம். தோற்றால் அவரே திரும்பிப் போக வேண்டும். அந்த வருடம் எங்கள் வீட்டில் எதைப் பேசினாலும் அடியில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் ஊரில் யுத்தநிறுத்தம் வந்துவிட்டது. அந்த வருடம் மாசியில் ஒப்பந்தம் ஆனபோது, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். சித்தப்பாவும் கட்டிப்பிடித்தார். பிறகு பஸ் தரிப்பில் குளிருக்குக் காலை மாற்றி மாற்றி வைத்தபடி, "அண்ணை, இனி என்னை இஞ்சை வைச்சிருப்பாங்களோ?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா பஸ் வருகிறதா என்று பார்த்தார். சண்டை நின்ற நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்ப என்ன தடை என்று எனக்கே தோன்றியது.

சித்தப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவருக்குப் படிப்பு ஏறவில்லை. ஓ.எல். பரீட்சையில் மற்றப் பாடமெல்லாம் கையைவிட, சரித்திரத்தில் மட்டும் டி, அதாவது அதிவிசேட சித்தி. காரணம், ரியூட்டரி மாஸ்டர் எழுதிக் கொடுத்த நோட்சில் ஒரேயொரு விடயத்தை அவர் மனப்பாடம் செய்திருந்தார்: முதலாம் உலகப் போருக்கான காரணங்கள் பன்னிரண்டு. பரீட்சையில் அதுவே கேள்வியாக வந்துவிட்டது. வாழ்க்கையில் அடித்த ஒரே லொத்தர் அது. அன்றிலிருந்து மனிதருக்கு உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு உடனடிக் காரணம் ஒன்று, அடிப்படைக் காரணம் ஒன்று. அடுப்பில் பால் பொங்கி ஊற்றினால் குசினி வாசலில் நின்று தீர்ப்புச் சொல்வார்.

"உடனடிக் காரணம் அடுப்பு, மச்சாள். அடிப்படைக் காரணம் ரெலிபோன்."

"துணியை எடுத்துத் துடையும். அது தீர்வு," என்பார் அம்மா.

புரட்டாதியில் சட்டத்தரணி ஒரு பக்கக் கடிதம் கேட்டார். ஊரில் யுத்தநிறுத்தம் இருக்கும்போது ஏன் திரும்பிப் போக ஏலாது என்று சித்தப்பா தன் சொந்தச் சொல்லில் எழுதித் தர வேண்டும், பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு. வழக்கமாக மொழிபெயர்க்கிற ஆள் விடுமுறையில் போயிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

"அதுக்கேன் ஆளைத் தேடுவான்?" என்றார் அப்பா. "இஞ்சை ஒருத்தி பிரெஞ்சிலை வகுப்பிலை முதலாம் பிள்ளை. எங்கடை வீட்டுக்குள்ளையே இருக்கு."

நான் முதலாம் பிள்ளை இல்லை. நாலாம், ஐந்தாம் பிள்ளை. ஆனால் வீட்டில் அறிக்கை அட்டையை வாசித்துச் சொல்வதும் நான்தானே.

சித்தப்பா கடிதத்தைச் சோபாவில் காலை மடித்து இருந்து, பலகை ஒன்றை மடியில் வைத்து எழுதினார். பரீட்சை விடை மாதிரி இடப்பக்கம் கோடு கிழித்து, இலக்கம் போட்டு, முக்கியமான இடங்களில் சிவப்பில் அடிக்கோடு. முழுக்க எழுத்துத் தமிழ். அதில் அவர் எங்குமே இல்லை. இனப் பிரச்சினை இருந்தது, நிலம் இருந்தது, ஒப்பந்தங்கள் இருந்தன. கடைசிப் பந்தி மட்டும் சின்னது. எனக்கு இப்போதும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது: "மாசி மாதம் எமது நாட்டில் போர் நின்றது. முடியவில்லை. நான் திரும்பிச் சென்றால் என்ன நடக்கும் என்று எவராலும் கூற இயலாது."

இங்கேதான் என் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ரீச்சர் உள்ளே வருகிறார். வீட்டில் நாங்கள் "ஏலாது" என்போம். கோயிலின் கீழ்த்தளத்தில் நடந்த வகுப்பில் ரீச்சர் அதை ஒருநாளும் விடமாட்டார். "ஏலாது, ஏலேல்லை எல்லாம் வாயாலை கதைக்கிறது. எழுதேக்குள்ளை முடியவில்லை எண்டு எழுத வேணும்." என்னால் நடக்க முடியவில்லை, என்னால் உண்ண முடியவில்லை, என்னால் உறங்க முடியவில்லை என்று இருபது தடவை எழுதின கை என்னுடையது. எனக்குத் தெரிந்த "முடியவில்லை" அது ஒன்றுதான். ஒரு விடயம் முடிந்தால் வீட்டில் "முடிஞ்சுது", "சரி", "ஃபினி" என்போம். முடியாமல் கிடக்கிற ஒன்றைப் பற்றி எழுத்துத் தமிழில் எழுத எனக்கு அதுவரை எந்தத் தேவையும் வந்ததில்லை.

ஆகவே நான் வாசித்தது இப்படி: போர் நின்றது. என்னால் முடியவில்லை. பாவம் சித்தப்பா, இவ்வளவு நேரம் உலகச் செய்தி மாதிரி எழுதிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் களைத்துப் போய் மனத்தைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். கண் கலங்கியது. அகராதிகூடப் பார்க்காமல் பிரெஞ்சில் நாலே சொல்லில் எழுதினேன். திருப்பிச் சொன்னால் "என்னால் முடியாது" என்று வரும். எழுதின கடிதம் முழுவதிலும் எனக்குப் பெருமை தந்த வசனம் அதுதான்.

இரு மொழிகளும் அறிந்தவர் என்ற இடத்தில் அப்பா ஒப்பமிட்டார். அப்பா அறிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும், பனிக்காலத்தில் பஸ் சாரதிகளிடம் பொறுக்கிய இரண்டு கெட்ட வார்த்தைகளும். சட்டத்தரணி வாசித்துவிட்டு நல்லாயிருக்கிறது என்றாராம். அப்பா அன்றைக்கு எனக்குத் தெருமுனைத் தெப்பனர் கடையிலிருந்து சிப்ஸ் வாங்கி வந்தார்.

ஐப்பசியில் பள்ளிக்கூடத்தில் மடாம் ஒரு தொப்பிக்குள் துண்டுகளைப் போட்டு எங்களைக் குலுக்கி எடுக்கச் சொன்னார். வகுப்பின் முன் நின்று பேச வேண்டிய தலைப்புகள். என் சிநேகிதிக்கு நீர்நாய் வந்தது. எனக்கு முதலாம் உலகப் போர், காரணங்களும் போக்கும். வீட்டுக்கு வந்து சொன்னபோது சித்தப்பா சோபாவில் இருந்து துள்ளி எழும்பினதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பன்னிரண்டு காரணம் இருக்கு! கொப்பியை எடு!"

அவர் படிப்பித்தார் என்று சொல்லமாட்டேன். ஒப்புவித்தார். நடுவில் கேள்வி கேட்டால் அறுந்துபோகும், மறுபடி ஒன்றாம் காரணத்திலிருந்து தொடங்குவார். கூட்டணிகள், ஆயுதப் போட்டி, குடியேற்ற நாடுகளுக்கான போட்டி, தேசிய உணர்ச்சி என்று போய், பன்னிரண்டாவதாக சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரும் மனைவியும் சுடப்பட்டதில் வந்து முடியும். அதுதான் உடனடிக் காரணம். தமிழ்க்கடைக் கலண்டரின் பின்பக்கங்களை ஒட்டி நான் ஒரு பெரிய தாள் செய்தேன். ஒரு பக்கம் வழுவழுப்பாக, மறுபக்கம் பசை மணத்தோடு இருந்த அந்தத் தாள் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

"சித்தப்பா, ஒராள் ஒராளைச் சுட்டதுக்கு ஏன் ரஷ்யா வந்தது? ஜேர்மனி வந்தது?"

அதற்கு நோட்சில் பதில் இல்லை. ஆனால் எங்கள் கட்டடத்தில் பதில் இருந்தது. நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு உடுப்புக் கழுவும் இயந்திரங்கள். அந்த மாதம்தான் மூன்றாம் மாடி அக்கா, நின்றுபோன இயந்திரத்திலிருந்த கீழ்மாடிக்காரரின் ஈர உடுப்புகளைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டார். கீழ்மாடிக்காரர் சத்தம் போட்டார்கள். மூன்றாம் மாடி அக்காவோடு சீட்டுக் கட்டுகிறவர்கள் அவர் பக்கம். கீழ்மாடியில் சம்பந்தம் செய்தவர்கள் கீழ்மாடிப் பக்கம். இரண்டு கிழமைக்குள் கோயிலில் இருக்கை வாங்குகளே இரண்டாகப் பிரிந்துவிட்டன. ஈர உடுப்பைப் பார்த்தே இராத, பக்கத்து நகரான லவாலில் இருக்கிற ஒரு குடும்பம், எங்கள் குடும்பத்தோடு கதைப்பதை நிறுத்தியிருந்தது.

"இப்ப விளங்குதோ?" என்றார் சித்தப்பா. தனக்கே அப்போதுதான் விளங்கிய முகம். "ஒருத்தருக்கும் பெரிய சண்டை பிடிக்க விருப்பம் இல்லை. ஒருத்தருக்கும் பின்வாங்கவும் விருப்பம் இல்லை. உதவிக்கு வாறம் எண்டு முதலே சொல்லி வைச்சிட்டினம், பேந்து வராமல் இருக்கேலாது."

"அப்ப நாங்கள் எந்த நாடு?"

"நாங்கள் பெல்ஜியம். நடுவிலை இருந்து மிதி வாங்கிறது."

போரின் போக்கு அவருக்கு அவ்வளவு மனப்பாடம் இல்லை. அதை நான் நூலகப் புத்தகத்தில் பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னேன், அவர் கேட்டார். கிறிஸ்மசுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஆவணியில் பாட்டுப் பாடிக்கொண்டு போனவர்கள். பதுங்குகுழிகள். நூறு யார் தூர நிலத்துக்காக ஒரு ஊர்ச் சனம் சாவது. நச்சுப் புகை வந்தபோது கனடாக்காரர் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. இந்தியச் சிப்பாய்கள் பிரான்சின் குளிரில் கிடந்தது. இந்த மாகாணத்து ஆட்கள் பலர் கட்டாயப் படைச்சேவைக்கு வரமாட்டோம் என்று தெருவில் இறங்கியது. அதைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்தார். "இஞ்சத்தை ஆக்களோ? எங்களுக்கு இந்தச் சண்டை வேண்டாம் எண்டு சொன்னவையோ?" அடுத்த நாள் பஸ்ஸில் வந்தவர்களை ஒரு புது மரியாதையோடு பார்த்ததாகச் சொன்னார். பதுங்குகுழி பற்றி வாசிக்கும்போது மட்டும் அவர் எழும்பிப் போய் ஜன்னலருகே நின்று, "ஸ்னோ கொட்டப் போகுது போலை," என்பார். நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அவருக்கு அலுப்பாக இருக்கிறது என்று நினைத்தேன்.

கார்த்திகை பிறந்தது. கடைகளில் எல்லோர் சட்டையிலும் போரில் இறந்தவர்களின் நினைவுக்கான சிவப்புப் பொப்பிப் பூ. பேச்சுக்கு இரண்டு நாள் இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். பதினோராம் மாதம் பதினோராம் திகதி பதினொரு மணிக்குத் துவக்குகள் ஓய்ந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு. அதோடு சரி என்று பேனையை மூடினேன்.

"சரியில்லை," என்றார் சித்தப்பா. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். "நோட்சிலை கடைசி வசனம் ஒண்டு இருக்கு. மாஸ்டர் சொல்லுவார், இதை எழுதினால்தான் டி எண்டு." சீவுவதை நிறுத்திவிட்டு, மாஸ்டரின் குரலில் சொன்னார்: "பதினெட்டாம் ஆண்டில் போர் நின்றது. முடியவில்லை."

"ஆருக்கு முடியேல்லை?"

"என்ன ஆருக்கு?"

"ஆராலை ஏலாமல் போனது?"

சித்தப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பெட்டைக்குத் தமிழ் இந்தளவிலையோ? ஏலாத முடியவில்லை இல்லையடி. போர் முடியேல்லை. நிண்டது, ஆனா முடியேல்லை. நிக்கிறது வேறை, முடியிறது வேறை. தோத்தவன் மேலை எல்லாத்தையும் சுமத்தி ஒரு ஒப்பந்தம் எழுதினாங்கள். இருபத்தொரு வருசம் பொறுத்துத் திரும்பவும் துவங்கினது. அதுதான் ரெண்டாவது. அந்த வசனம் எனக்குச் சரியான விருப்பம். என்ரை கடிதத்திலையும் போட்டனான், நீ பாக்கேல்லையே?"

பார்த்தேன். பார்த்து, பிரெஞ்சில் எழுதி, சிப்ஸும் சாப்பிட்டேன். சித்தப்பா அரசாங்கத்துக்குச் சொல்ல நினைத்த ஒரே பதில் அது. போர் முடியவில்லை, ஆகவே என்னை அனுப்பாதீர்கள். அந்தப் பதிலை நான் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். போர் நின்றுவிட்டது என்பது மட்டும் அவர் வாயாலேயே சொன்னதாக அங்கே கிடந்தது. விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அவரிடம் எப்படிச் சொல்வது? உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டு, வந்து ஒரு வருடத்தில் முதல் தடவையாக, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பின்னேரம் அப்பாவிடம் போனேன்.

"அப்பா, அந்தக் கடிதத்திலை ஒரு பிழை விட்டிட்டன்."

"என்ன பிழை? சட்டத்தரணி வாசிச்சவதானே? பிழையெண்டால் அவ சொல்லியிருப்பா."

"அவவுக்குத் தமிழ் தெரியாது அப்பா."

"உனக்குத் தெரியும்தானே. சும்மா பயப்பிடாதை. சித்தப்பாட்டைப் போய்ச் சொல்லி அந்த மனிசனைக் குழப்பிப் போடாதை, விளங்குதோ?" என்றார். தான் ஒப்பமிட்ட தாள் அது என்பது அவர் மனதில் ஓடியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்பா என்னை நம்புகிறார் என்றே நினைத்தேன். அம்மாவிடம் சாப்பாடு வேண்டாம் என்றேன். பேச்சுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து இஞ்சிக் கோப்பி போட்டுத் தந்தார்.

பேச்சு நன்றாகவே போனது. கடைசி வசனத்தை மாஸ்டர் சொன்னபடி, சரியான பிரெஞ்சில் சொன்னேன்: போர் நின்றது, ஆனால் முடிந்திருக்கவில்லை. மடாம் கைதட்டினார். எவ்வளவு அழகான வசனம், யார் சொன்னது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மடாம் அதைப் போரில் இறந்தவர்களுக்கான அழுகை என்று எடுத்துக்கொண்டு வகுப்பையே எழும்பி நிற்கச் சொன்னார்.

விசாரணை அன்று நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது சித்தப்பா அப்பாவின் கோட்டைக் கழற்றாமலே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் எதிரே. நான் சப்பாத்தோடு வாசலிலேயே நின்றேன்.

"நீதவான் ஒரு மனிசி. மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரர், நல்ல மனிசன்," என்றார் சித்தப்பா. "கடிதத்தைத்தான் முதல் எடுத்தவ. நேரை அந்தச் சொல்லுக்கே வந்திட்டா. சென்னைக்காரர் என்னைப் பாத்துச் சொல்லுறார், 'போர் நின்னுடுச்சு, முடியலைன்னு எழுதியிருக்கீங்க. அந்த முடியலையைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்கன்னு மேடம் கேக்கறாங்க' எண்டு. என்ரை மாதாவே! அந்த ஒரு சொல்லைக் கேக்க மாட்டாவோ எண்டுதானே நான் போனது!"

"நீ என்ன சொன்னனி?" அப்பா கேட்டார்.

"துவங்கினன். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாலிலை எண்டு."

"ஐயோ," என்றார் அம்மா.

"பன்னிரண்டு காரணமும் சொன்னனான். பதினெட்டும் சொன்னனான், முப்பத்தொன்பதும் சொன்னனான். சென்னைக்காரருக்கு வேர்த்துப் போச்சு. மனிசி பேனையை வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தவ. பேந்து சொன்னா, 'அது உலகத்துக்கு. உங்களுக்கு என்ன முடியலை?' எண்டு."

"அதுக்கு?"

சித்தப்பா சோற்றைக் குழைத்தார். "பேந்து கொஞ்சம் கதைச்சன்," என்றார். அப்பா கறிச் சட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை, வெளியே பனி அள்ளும் வண்டிகள் இரைந்துகொண்டிருக்க, அப்பா ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். வழக்கு வென்றுவிட்டது என்று இரண்டு நாள் முன்பே சட்டத்தரணி தொலைபேசியில் சொல்லியிருந்தார். வீட்டில் கேக்கும் வெட்டியாகிவிட்டது. இது அவர் கேட்டு வாங்கி அனுப்பிய தீர்ப்பின் விளக்கம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "காரணங்கள்" என்று இருந்தது. அதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எத்தினை காரணம்? பன்னிரண்டோ?"

நான் வாசித்து வாசித்துச் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் அது வந்தது. 'விண்ணப்பதாரர் போர் நின்றுவிட்டது என்று ஒப்புக்கொள்கிறார். அதன் பின் அவர் எழுதியிருப்பது நாலே சொற்கள். அந்த நாலு சொற்களைப் பற்றி அவரிடம் கேட்டேன். முதலில் ஐரோப்பாவின் வரலாற்றைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். பிறகு தனக்கு நடந்ததைச் சொன்னார். நான் அவரை நம்புகிறேன்.'

"நாலு சொல்லோ?" என்றார் சித்தப்பா. "நான் ஒரு சொல்லுத்தானே எழுதினனான்?"

"பிரெஞ்சிலை நாலு, சித்தப்பா."

"என்ன சொல்லாம் அது? வாசி பாப்பம்," என்றார் அப்பா.

நாக்கு நுனியில் "ஏலாது" இருந்தது. நேர்மையான சொல் அதுதான். அதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் வெளியே வந்திருக்கும். மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் சொன்னபடி, சுத்தமான எழுத்துத் தமிழில் சொன்னேன்.

"முடியவில்லை."

சித்தப்பா எழுந்து நின்றார். "விளங்கியிருக்கு!" என்றார். "அண்ணை, அவவுக்கு விளங்கியிருக்கு! நிண்டது வேறை, முடிஞ்சது வேறை எண்டு இந்த நாட்டிலை ஒரு மனிசிக்கு விளங்கியிருக்கு!" அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்பா, "என்ரை பிள்ளையின்ரை பிரெஞ்சு," என்றார். நான் அடுத்த பந்திக்குப் போனேன். அதில் ஐஸ் பக்டரி இருந்தது. ஐஸ் பெட்டிகளுக்குள் வைத்து யாருக்கு என்ன அனுப்பினாய் என்று கேட்டு அவரை ஐந்து கிழமை அடைத்து வைத்திருந்த இராணுவ முகாம் இருந்தது. நான் முதல் வரியைத் தமிழில் தொடங்கியதும், "அது வேண்டாம், பிள்ளை," என்றார் சித்தப்பா. "அது எனக்குத் தெரியும். மற்றப் பக்கத்துக்குப் போ." நான் அதைக் கண்ணால் மட்டும் வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

இரண்டு வருடம் கழித்துச் சித்தியும் அவர் மகள் தங்கச்சியும் வந்தார்கள். இன்னும் ஒன்றரை வருடத்தில் ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியது. அது இரண்டாயிரத்து ஒன்பதில் எப்படிப் போய் நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வைகாசியில் நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபோது சித்தப்பா, "நான் அண்டைக்கே எழுதினனான்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மனிசிக்காவது விளங்கினது," என்றார். நான் எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். விளங்கியிருக்கவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அதன் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று போய், கோப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

போன வருடம் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய் ஊர்க்காரன், பிரெஞ்சுக் குடும்பம். மண்டபமும் அங்கேதான். சித்தப்பாவுக்கு இப்போது பிரெஞ்சு வாயில் தாராளமாக வரும். ஆனாலும் மகளின் கல்யாணத்தில் பிழை விடக்கூடாது என்று, தான் தமிழில் பேசுவதாகவும் நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பழைய உத்தியோகம்.

"நான் இஞ்சை வந்த புதுசிலை அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினன்," என்று தொடங்கினார். "ஊரிலை போர் நின்றது, முடியவில்லை எண்டு எழுதினன். அதைப் பிரெஞ்சிலை மாத்தினது இவள். அப்ப பதினொரு வயசு. அந்தக் கடிதத்தாலைதான் என்ரை மகள் இண்டைக்கு இந்த மண்டபத்திலை நிக்கிறாள்." சொல்லிவிட்டு ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்தார்கள். போர் நின்றது, ஆனால் அது முடிந்திருக்கவில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சித்தப்பா ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"இந்தமுறை சரி," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். "எப்ப தெரியும்?"

"கனகாலம். பிரெஞ்சு வகுப்பிலை முதல் மாதமே ஏலும், ஏலாது படிப்பிச்சவை. வீட்டை வந்து கடிதத்தை எடுத்துப் பாத்தன்."

சித்தி வருவதற்கும் முந்தி அது. வைகாசி மாதம் தொலைக்காட்சியின் முன் என் பக்கம் திரும்பிச் சொன்னதும் தெரிந்துகொண்டுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீ எழுதினதும் பொய்யில்லையடி. எனக்கு ஏலாமல்தான் இருந்தது," என்று சொல்லிவிட்டு, பொத்தின கையை எடுத்தார். "சரி, கண்ணைத் துடை. மிச்சத்தையும் சொல்லு, சனம் பாத்துக்கொண்டிருக்கு."